வள்ளியம்மை வாசலில் நின்ற முளை

அளக்கலா காத ஆதியே, அடியேன்
அளந்ததிற் பிழைகள் ஆயிரம் உண்டே;
பொறுத்தனை என்னைப் போற்றினேன் நின்தாள்;
மறைத்திலேன் ஒன்றும், மலர்க்கழல் சரணே.

கார்த்திகை மாதத்துச் சோமவாரமாகிய இன்று நீராடி, நீறணிந்து, விரதம் முடியுமுன் இதை எழுதத் தொடங்குகிறேன். வரைபடத் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் இளைய தோழர்களே, இது உங்களுக்காக எழுதப்படுவது. சென்ற மாதம் உங்களில் ஒருவர், தாம் கணினியில் எழுதிய கட்டளைத் தொடர் ஒன்று தானாகவே வரைந்து தந்த வரைபடத்தை என்னிடம் கொண்டுவந்து காட்டினார். அழகான படம். "சரிபார்த்தீர்களா?" என்று கேட்டேன். "பிழைச் செய்தி எதுவும் வரல ஐயா" என்றார். அவர் போன பின்பும் அந்த விடை என்னை விட்டுப் போகவில்லை. ஒரு காலத்தில் அதே விடையை நானும் நம்பியிருந்தேன். அதனால் பன்னிரண்டு குடும்பங்கள் வீடிழக்கப் பார்த்தன.

அறுபதுகளின் நடுவில் இலங்கை மலையகத்துப் பதுளை நகரில் ஒரு தனியார் நில அளவை அலுவலகத்தில் கணிப்பு எழுத்தராகச் சேர்ந்தேன். உரிமையாளர் உரிமம் பெற்ற நில அளவையாளர், சிங்களவர், தோட்டங்களிலே அலைந்து அலைந்து தமிழை எங்களைப் போலவே பேசியவர். நாங்கள் அவரைச் சிங்கள வழக்கப்படி 'மாத்தயா', அதாவது ஐயா, என்று அழைத்தோம். அவர் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. விளம்பரத்தை விரும்பாத மனிதர். மாத்தயாவும் அவருடைய ஆட்களும் மலையில் அளந்து, புலப் புத்தகத்தில் எழுதிக் கொண்டுவருவார்கள். நான் மேசையில் இருந்து மடக்கை வாய்பாட்டின் துணையோடு கணித்து, பரப்பு கண்டு, படம் வரைவேன். பதினைந்து ஆண்டுகள் இவ்வாறு சென்றன. மலையேறும் தேவை எனக்கு ஏற்படவே இல்லை.

எண்பதுகளின் தொடக்கத்தில் அலுவலகத்துக்கு ஒரு கைக்கணிப்பான் வந்தது. வெறும் கூட்டல் பெருக்கல் செய்வதன்று. நாம் கொடுக்கும் கட்டளைகளை வரிசையாக நினைவில் வைத்து, தானே ஓட்டி, விடையைத் தருவது. அதை வாங்கும்படி மாத்தயாவை ஆறு மாதம் நச்சரித்தவன் நானே. உடன் வந்த கைந்நூலில் நில அளவைக்கென ஒரு மாதிரிப் புரோகிராம் இருந்தது. அதை ஒவ்வொரு விசையாக அழுத்தி ஏற்றினேன். முதல் வாரம் ஓயாத தொல்லை. ஒரு விசை தவறினால் திரை கண் சிமிட்டும். மின்கலம் இளைத்தால் எண்கள் மங்கும். சுழியத்தால் வகுக்கச் சொன்னால் அடம் பிடித்து நின்றுவிடும். ஒவ்வொன்றையும் தேடித் தேடித் திருத்தினேன். அந்தப் பிழைகளைப் பற்றி நான் உங்களை எச்சரிக்கப் போவதில்லை. அவை வாய்விட்டுக் கத்தும் பிழைகள். கத்தும் பிழையை யாரும் கண்டுகொள்வார்கள்.

திருந்திய பின் அது ஓடிய ஓட்டம் இருக்கிறதே, மூன்று நாள் வேலையை அரை மணியில் முடித்தது. பதுளை ஓயா ஆற்றின் ஓரத்து வயல்கள், நகரத்துக் கடைக் காணிகள் என்று பதினொரு காணிகளை அதிலே கணித்தேன். நான்கைக் கையாலும் போட்டுப் பார்த்தேன். விடை ஒத்திருந்தது. அதன்பின் வாய்பாட்டுப் புத்தகத்தை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டேன்.

பன்னிரண்டாவது வேலை பசறைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் வந்தது. தோட்டத்தின் அடிவாரத்திலுள்ள வீதியிலிருந்து மேல்நோக்கி, குறித்த ஏக்கர் கணக்கில் ஒரு துண்டைப் பிரித்து, புதிய குடியேற்றத்துக்கு ஒப்படைக்க வேண்டும். அதற்கு மேலே ஒரு லயம், தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடு, இருந்தது. பன்னிரண்டு காம்பரா என்னும் ஒற்றையறைகள், காம்பராவுக்கு ஒரு குடும்பம். லயம் தோட்டத்தோடேயே இருக்க வேண்டும் என்பது பேச்சு. எல்லைக்குள் அகப்பட்ட கட்டடங்கள் எவையாயினும் காலி செய்யப்படும் என்பதும் பேச்சு. மாத்தயா லயத்துக்குக் கீழே ஒரு கோட்டை உத்தேசமாகக் குறித்து, அதுவரை அளந்து வந்தார். கேட்ட பரப்பு அதற்குள் தாராளமாக அடங்கும் என்பது அவருடைய கண்மதிப்பு.

நான் கணித்தபோது அடங்கவில்லை. எட்டில் ஒரு பங்கு குறைந்தது. ஆகவே குறையை ஈடுசெய்ய, லயமும் உள்ளே அகப்படும்படி எல்லைக் கோட்டை மேலே தள்ள வேண்டியதாயிற்று. "மேலே லயம் இருக்கே தம்பி" என்றார் மாத்தயா. "கணக்கு அப்படித்தான் வருது மாத்தயா" என்றேன். மறுபடி ஓட்டிக் காட்டினேன். மூன்றாம் முறையும் ஓட்டினேன். மூன்று முறையும் கடைசித் தசமம் வரை அதே விடை. போதாக்குறைக்கு, சுற்றி வந்த அளவை தொடங்கிய புள்ளியிலேயே வந்து முடிகிறதா என்று பார்க்கும் வழமையான சோதனையிலும் வேறுபாடு மிகச் சிறிதாக இருந்தது. மாத்தயா பெருமூச்சு விட்டு ஒப்புக்கொண்டார். செவ்வாய்க்கிழமை ஆட்கள் போய்ப் புதிய கோட்டில் எல்லைக் குறியாகச் சிவப்பு முளைகளை அடித்துவிட்டு வந்தார்கள். புதன்கிழமை காலை கையொப்பமிட்ட படச்சுருளை எடுத்துக்கொண்டு மாத்தயா மாவட்ட அரசாங்க அலுவலகமாகிய கச்சேரிக்குப் புறப்பட்டார். பத்தரை மணிக்கு அங்கே அதை ஒப்படைக்க வேண்டும்.

அவர் போய் அரை மணி ஆகியிருக்காது. மழை தூறிக்கொண்டிருந்தது. எங்கள் அளவு நாடா பிடிக்கும் தலைமை ஆள் முனியாண்டி அண்ணன் படியேறி வந்தார். முப்பது ஆண்டுகளாக அந்த அலுவலகத்தில் நாடா பிடித்தவர். பின்னால் ஒரு நடுத்தர வயதுப் பெண், தலையில் மழைக்குப் போர்த்திய படங்குத் துண்டு, நனைந்த கால்கள்.

"இவ வள்ளியம்மை. அந்த லயத்துல மூணாம் காம்பரா" என்றார் அவர். "பஸ்ஸ விட்டு எறங்குனதுலேருந்து என் காத அறுத்துட்டா. நீங்களே கேட்டுக்குங்க."

அவள் உள்ளே வராமல் வாசற்படியிலேயே நின்று பேசினாள். "ஐயா, நேத்து நாங்க கொழுந்து எடுத்துட்டு வந்து பாத்தா, என் வாசல்ல முளை நிக்குது. அடுப்புக்கும் முளைக்கும் நாலு எட்டு. நான் இன்னைக்குக் காலைப் பெரட்டுல வேலைக்கு நிக்காம, ஒரு நாள் பேர, சம்பளத்த விட்டுட்டு வந்திருக்கேன். தொரைகிட்ட கேட்டா சர்வேக்காரங்ககிட்ட கேளுங்கிறாரு. அதான் கேக்க வந்தேன்."

"கேட்ட பரப்பு கீழே கிடைக்கவில்லை அம்மா. அதனால் கோடு மேலே வந்தது" என்றேன்.

"கெடைக்காம எங்க போச்சு? மொத நாளு அந்தப் பெரிய ஐயா கீழ முருங்கை மரத்தோரமாத்தான் கோடு வரும்னு சொன்னாரு. நாலு நாளுல மலை சின்னதாப் போச்சுங்களா?"

"கணக்கு மூன்று முறை பார்த்தாயிற்று."

"கணக்கு சரியா இருக்கலாங்க. எங்க வீடும் அங்கதானே இருக்கு." அவள் பார்வை மேசையிலிருந்த கணிப்பானில் தங்கியது. "இதுதான் கணக்குப் போட்ட பொட்டிங்களா? இத ஒரு தரம் எங்க மலைக்குக் கூட்டிட்டு வாங்க. மூச்சு வாங்குதான்னு பாப்போம்."

முனியாண்டி அண்ணன் சிரித்துவிட்டார். எனக்குச் சினம் வந்தது. சினத்தை அவளிடம் காட்ட இயலாமல் அவரிடம் திருப்பினேன். "அளக்கும்போது நாடா தொய்ந்ததா அண்ணே? சாய்வில் இழுத்துப் பிடித்தீர்களா?"

அவர் முகத்திலிருந்த சிரிப்பு போய்விட்டது. "சாய்வுலயா? முப்பது வருசத்துல நான் சாய்வுல நாடாவ போட்டதில்லீங்க. படி போட்டுத்தான் அளந்தேன்."

இதை நீங்கள் விளங்கிக்கொள்ள வேண்டும். படத்திலே நாம் காட்டுவது மலையின் சாய்ந்த தூரத்தை அன்று. அதன் கிடைத் தூரத்தை. மலைச்சரிவில் கிடைத் தூரத்தைப் பெற இரண்டு வழிகள் உண்டு. சாய்வோடு அளந்துவிட்டு, சாய்வுக் கோணத்தைக் கொண்டு கணக்கிலே குறைப்பது ஒன்று. நாடாவைச் சிறு சிறு துண்டாக மட்டமாகப் பிடித்து, நுனியிலிருந்து தூக்குக் குண்டை இறக்கி, படிக்கட்டில் இறங்குவதுபோல் அளந்து வருவது மற்றொன்று. எங்கள் ஊவா மாகாணத்து மலைகளில் ஆட்கள் செய்தது இரண்டாவதை. அதைத்தான் 'படி போடுவது' என்றார்கள். அந்த முறையில் புத்தகத்துக்கு வரும் எண் ஏற்கெனவே கிடைத் தூரம். மேலும் குறைக்க ஒன்றுமில்லை. கையால் கணித்த பதினைந்து ஆண்டும் நான் அதை அப்படியே எடுத்துக்கொண்டேன்.

ஆனால் கைந்நூலின் புரோகிராம் வேறு நாட்டு வழக்கத்துக்கு எழுதப்பட்டது. ஒவ்வொரு கோட்டுக்கும் அது தூரத்தைக் கேட்டது, திசையைக் கேட்டது, சாய்வுக் கோணத்தையும் கேட்டது. உயர வேறுபாடு அறிவதற்காக மாத்தயா அந்தக் கோணத்தையும் புத்தகத்தில் ஒரு கட்டத்தில் எழுதி வைப்பது வழக்கம். இயந்திரம் கேட்டது, என்னிடம் இருந்தது, கொடுத்தேன். எதற்காகக் கேட்கிறது என்று நான் திருப்பிக் கேட்கவில்லை. ஒருமுறை குறைக்கப்பட்ட தூரத்தை அது இரண்டாம் முறையும் குறைத்தது. வயலிலும் கடைக் காணியிலும் சாய்வே இல்லை. அதனால் பிழையும் தெரியவில்லை. மலைக்கு வந்தவுடன் மலை சுருங்கிவிட்டது.

சோதனை ஏன் காட்டிக்கொடுக்கவில்லை? ஒரு பக்கம் ஏறிய கோடும் மறுபக்கம் இறங்கிய கோடும் ஒரே சரிவில் கிடந்தன. இரண்டும் ஒரே அளவாகச் சுருங்கின. ஆகவே சுற்று ஒழுங்காக வந்து மூடிக்கொண்டது. பிழையிலே பங்கு கொண்ட சாட்சியை நான் நம்பியிருந்தேன்.

இவ்வளவையும் இப்போது நிதானமாக எழுதுகிறேன். அன்று 'படி போட்டுத்தான்' என்ற சொல் காதில் விழுந்தபோது இவ்வளவு தெளிவு இல்லை. இருக்கலாமோ என்ற ஐயம் மட்டுமே எழுந்தது. சுவர்க் கடிகாரத்தில் பத்து மணிக்கு ஐந்து நிமிடம். வாய்பாட்டை எடுத்துக் கையால் போட்டு உறுதி செய்ய ஒரு மணி நேரமாவது வேண்டும். பத்தரைக்குப் படம் கச்சேரியில் பதிவாகிவிடும். பதிவான பின் கோட்டை அசைப்பது எளிதன்று. அதற்குள் லயத்தைக் காலி செய்யும் கடிதம் போய்விடக்கூடும்.

மற்றொன்றையும் மறைக்காமல் சொல்கிறேன். ஒரு நிமிடம் நாற்காலியை விட்டு எழாமல் இருந்தேன். பிழையென்றால் அது என் பிழை. என் சொல்லை நம்பி மாத்தயா கையொப்பமிட்டிருக்கிறார். பிழை இல்லையென்றால், கையொப்பமிட்ட படத்தை அலுவலர்கள் முன்னிலையில் திருப்பி வாங்கச் செய்த மடையன் நான். இரண்டிலும் எனக்கு மானமில்லை. பேசாமல் இருந்தால் ஒருவேளை ஒன்றும் ஆகாது என்று மனம் ஓதியது.

"என்னங்கய்யா, மொகம் வெளுத்துப் போச்சு" என்றாள் வள்ளியம்மை.

புலப் புத்தகத்தைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு ஓடினேன். குடை எடுக்கவில்லை. எந்தக் கலக்கத்திலும் எனக்குத் துணை நின்றவை பதிகங்கள். ஐந்து வயதில் மனப்பாடமானவை, உறக்கத்திலும் வரும். அன்று கச்சேரி ஏற்றத்தில் மூன்று பாட்டு வந்தது; நாலாவது வரவில்லை. மறுபடியும் முதலிலிருந்து தொடங்கினேன். மறுபடியும் மூன்றோடு நின்றது. அப்போதுதான் உறைத்தது. இத்தனை ஆண்டும் அவற்றின் பொருளை நிறுத்தி எண்ணிப் பாராமல் ஒப்பித்தே வந்திருக்கிறேன். அந்தப் பெட்டியும் மூன்று முறை தவறாமல் ஒப்பித்தது. ஒப்பித்தலில் பிழையில்லை என்பதற்காக இருவரையும் அறிவாளிகள் என்று எண்ணியிருந்தேன்.

கச்சேரியின் நீண்ட நடையில் மாத்தயா ஒரு வாங்கில் அமர்ந்திருந்தார். படச்சுருள் மடிமேல் கிடந்தது. உள்ளேயிருந்து இன்னும் அழைப்பு வரவில்லை. மூச்சிரைக்கச் சொன்னேன். கோணம், படி போட்ட அளவு, இரட்டைக் குறைப்பு என்று எந்த ஒழுங்கில் சொன்னேனோ தெரியாது. அவர் குறுக்கிடாமல் கேட்டார்.

"நிச்சயமாத் தெரியுமா தம்பி?"

ஆம் என்று சொல்ல வாய் துடித்தது. சொன்னால் அவருக்கும் எளிது, எனக்கும் எளிது. அண்ணாமலையின் அடி தேடிப் போனவர் 'காணவில்லை' என்று திரும்பி வந்ததும், முடி தேடிப் போனவர் காணாததைக் 'கண்டேன்' என்றதும் நாம் அறிந்த கதை. அளப்பவர்களுக்கு அதைவிட நெருங்கிய கதை வேறில்லை.

"நிச்சயமில்லை மாத்தயா. கணக்கு இன்னும் போடவில்லை. ஆனால் இந்தப் படம் சரி என்று இப்போது என்னால் சொல்ல முடியாது."

உள்ளேயிருந்து ஏவலாளர் வந்து அவர் பெயரைச் சொல்லி அழைத்தார். மாத்தயா எழுந்து சுருளை அக்குளில் இடுக்கிக்கொண்டார்.

"பிழைன்னு சொல்லத்தான் கணக்கு வேணும். கையெழுத்தைத் திருப்பி எடுக்கச் சந்தேகம் போதும்" என்றவர், உள்ளே போய் மூன்று நாள் தவணை கேட்டார். நான் கதவருகே நின்றேன். உள்ளிருந்த அலுவலர் உரத்த குரலில் பேசினார். ஒப்பமிட்ட பிறகுதான் படத்தைப் பார்ப்பது உங்கள் வழக்கமா என்று கேட்டது எனக்குத் தெளிவாகக் கேட்டது. மாத்தயா அதற்கு "இந்த முறை அப்படித்தான் ஆகிவிட்டது" என்றார். என் பெயரைச் சொல்லவில்லை.

அன்று பிற்பகலே மாத்தயாவும் முனியாண்டி அண்ணனும் நானும் தோட்டத்துக்குப் போனோம். வள்ளியம்மையும் எங்களோடு பஸ்ஸில் வந்தாள். பதினைந்து ஆண்டுகள் அந்த மலைகளை வரைந்தவன், முதன்முறையாக ஒன்றில் ஏறினேன். இருபதடியில் மூச்சு வாங்கியது. "பொட்டி வரலயா?" என்று முனியாண்டி அண்ணன் காதோடு கேட்டார்.

சரிவில் ஏறும் மேற்குப் பக்கத்து எல்லைக் கோட்டை எடுத்துக்கொண்டோம். முதலில் நாடாவைச் சரிவோடு கிடத்தி அளந்தோம். பின்பு முனியாண்டி அண்ணன் படி போட்டு அளந்தார். மழையில் தூக்குக் குண்டின் நூலிலிருந்து நீர் சொட்டியது. அவர் கை அசையவில்லை. அவர் சொன்ன எண்ணை நான் புலப் புத்தகத்தில் இருந்த எண்ணோடு ஒத்துப் பார்த்தேன். அதுவே. சரிவோடு அளந்த நீளத்தை ஒருமுறை குறைத்தேன். அப்போதும் அதுவே. புத்தகம் தொடக்கத்திலிருந்தே சரியாக இருந்தது. பதினைந்து ஆண்டும் நான் நம்பிய புத்தகத்தை, மூன்று மாதம் பழகிய பெட்டியை நம்பிச் சந்தேகித்திருந்தேன்.

கொழுந்து நிறுக்கும் கொட்டகையில் அமர்ந்து வாய்பாட்டை விரித்தேன். மாத்தயா எண்களை வாசித்தார், நான் எழுதினேன். பரப்பு வந்தது. அவர் முதலில் குறித்த கோட்டுக்குள்ளேயே கேட்ட ஏக்கர் அடங்கியது. மிஞ்சியும் சிறிது நிலம் இருந்தது. எல்லை முருங்கை மரத்தோரமாகவே போனது. லயம் மேலே, வெளியே, தன்பாட்டில் நின்றது.

"சரி" என்றார் மாத்தயா. அடுத்த ஆண்டு அந்த வகை வேலைகள் எங்களுக்கு வரவில்லை. வேறு அலுவலகத்துக்குப் போயின. அதற்காக அவர் என்னைக் கடிந்துகொண்டதில்லை. முந்திய பதினொரு காணிகளையும் ஒவ்வொன்றாகக் கையால் மீளக் கணித்தேன். எல்லாம் ஏற்கத்தக்க எல்லைக்குள் இருந்தன. அது என் திறமையன்று. நகரம் தட்டையாக இருந்ததன் பலன். கணிப்பானை வீசிவிடவில்லை. சாய்வுக் கோணத்தைக் கேட்கும் படியை நீக்கி, ஓய்வு பெறும்வரை அதையே பயன்படுத்தினேன். கருவியை வெறுக்கும்படி உங்களுக்குச் சொல்ல நான் இதை எழுதவில்லை. உங்கள் நிரல் ஓர் எண்ணைக் கேட்டால், அதை எதற்குப் பயன்படுத்தப் போகிறது என்று நீங்கள் அறிந்திருக்க வேண்டும். அந்த எண் களத்திலே எவர் கையால், எப்படிப் பிறந்தது என்பதையும் அறிந்திருக்க வேண்டும். இவ்விரண்டும் தெரியாதவரை, பிழைச் செய்தி வராததை எண்ணி அமைதி கொள்ளாதீர்கள்.

அந்தப் பிற்பகலில் ஒரு வேலை மிச்சமிருந்தது. லயத்துக்கு ஏறினோம். மூன்றாம் காம்பராவின் வாசலில் சிவப்பு முளை நின்றது. பிள்ளைகள் தடுக்கி விழாதபடி அதன் தலையில் ஒரு பழைய மாவுத் தகரத்தைக் கவிழ்த்து வைத்திருந்தார்கள். பன்னிரண்டு வாசல்களிலும் ஆட்கள் நின்றார்கள்.

"கோடு கீழேதான் போகிறது. இது என் தவறு" என்று வள்ளியம்மையிடம் சொன்னேன். பின்பு, கேட்கக் கூடாததைக் கேட்டேன். "நேற்றே இதைப் பிடுங்கி எறிந்திருக்கலாமே, ஏன் விட்டுவைத்தீர்கள்?"

"நாங்க புடுங்குனா நாளைக்குப் போலீசு வரும். இன்னொரு முளை அடிப்பாங்க" என்றாள் அவள். "போட்டவங்க புடுங்குனாத்தாங்க அது போன மாதிரி."

முனியாண்டி அண்ணன் குனியப் போனார். நான் அவரைத் தடுத்து, தகரத்தை எடுத்து வைத்துவிட்டு, முளையைப் பற்றினேன். ஈர மண் இறுகப் பிடித்திருந்தது. எழுதுகோலன்றி வேறெதுவும் பிடித்தறியாத கை வழுக்கியது. இடமும் வலமும் ஆட்டி, முழந்தாளிட்டு, நெஞ்சில் அணைத்து இழுத்தேன். வந்தது.

எழுந்தபோது வள்ளியம்மை குழியைக் காட்டினாள். "அத மூடிட்டுப் போங்கய்யா. புள்ளைங்க கால் வைக்கும்."

மண்ணை அள்ளிப் போட்டு, காலால் மிதித்து, மட்டமாக்கினேன். போதுமா என்று அவளைப் பார்த்தேன். அவள் வந்து தன் காலாலும் ஒருமுறை மிதித்துப் பார்த்துவிட்டு, அடுப்பு மூட்ட உள்ளே போனாள்.

இதனைப் படிக்கும் யாவரும் நலம் பெறுக. உங்கள் கண்ணும் கையும் சோர்வின்றி விளங்குக. நீங்கள் வரையும் கோடுகளின் இருபுறத்தும் வாழ்வோர் அச்சமின்றி வாழ்க. பிழை நேரும்போது, அது பதிவாகுமுன் உங்கள் வாசலுக்கு வந்து சொல்ல ஒருவரை இறைவன் அனுப்பி அருள்க.